குறிப்புரைக்கு அனுப்பினேன்

இந்த பெஞ்சு ஆடுகிறது சார். ஒரு காலுக்குக் கீழே அட்டைத் துண்டு ஒன்றைச் செருகினால் நின்றுவிடும். தச்சரைக் கூப்பிடலாம் என்று ஆரம்பித்தால் அதற்கு ஒரு கடிதம், அதற்கு ஒரு அனுமதி என்று மூன்று மாதம் இழுக்கும். இருபத்தொன்பது வருடம் ஆபீசில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், அட்டைதான் நல்லது.

எழுதுகிற ஏட்டய்யா மெதுவாகவே எழுதட்டும், எனக்கு அவசரமில்லை. என் பெயர் சகாயராஜ். வயது ஐம்பத்தாறு. அகரம் தாண்டி இருக்கிற அந்தக் கல்லூரியில் அலுவலகக் கண்காணிப்பாளர். பியூனிலிருந்து செயலர் வரைக்கும் சூப்ரண்ட் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, நானாக டவுன் பஸ் ஏறி வந்தேன். மாணவன் சந்தோஷ்குமார் செத்த வழக்கில் உடற்கல்வி இயக்குநர் கருப்புசாமியைக் கொலைகாரன் என்று எழுதி உள்ளே வைத்திருக்கிறீர்கள். அதில் பிழை இருக்கிறது. பிழையான பதிவைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

கருப்புசாமியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்றைந்தில் அவன் வேலைக்குச் சேரும்போது எங்கள் கல்லூரியை நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. சீமைக்கருவேலங் காட்டுக்குள் நாலு கட்டடம், அவ்வளவுதான். பி.காம். வகுப்பில் பதினோரு பேர். சேர்க்கைக்கு ஆள் பிடிக்கச் சொல்லி வாத்தியார்களைத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுக்க அனுப்பிய காலம் அது. கருப்புசாமி வந்து கபடி டீம் சேர்த்தான். இரண்டே வருடத்தில் பல்கலைக்கழகக் கோப்பை வந்தது. அடுத்த வருடமும் வந்தது. பேப்பரில் படம் போட்டார்கள். கோப்பையைத் திறந்த வேனில் வைத்து மணிக்கூண்டைச் சுற்றி வந்தோம். அந்த ஜூன் மாதம் விண்ணப்பப் படிவம் வாங்க வரிசை கேட்டுக்கு வெளியே நின்றது. அந்த வரிசையைப் பார்த்து நான் அழுதேன் சார், பொய் சொல்லவில்லை. பெற்ற பிள்ளை முதல் மார்க் வாங்கினால் எப்படியோ அப்படி இருந்தது.

அடியாத மாடு படியாது என்பது கருப்புசாமியின் வேதம். தோற்றுவிட்டு வந்தால் டீம் முழுக்கச் சரளைக்கல் மேல் முட்டி போட்டு மைதானத்தைச் சுற்றி வர வேண்டும். தண்ணீர் கிடையாது. பாயிண்ட் கோட்டை விட்டவனை நாலு பேரை விட்டுப் பிடிக்கச் சொல்லி உள்ளங்காலில் ஹாக்கி மட்டையால் அடிப்பான். உள்ளங்கால் வீங்கினால் ஷூ மறைத்துவிடும் என்பதற்காகத்தான் அந்த இடம். கூட விளையாடுகிறவனையே பிடிக்க வைப்பான். அதனால் யாரும் யாரைப் பற்றியும் வெளியே சொல்ல முடியாது. முரடன்தான், ஆனால் முட்டாள் இல்லை.

என் வேலை வேறு. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேருகிறவர்களுக்குக் கட்டணம் கிடையாது, ஹாஸ்டல் சாப்பாடு இலவசம். அதற்குப் பதிலாக அசல் சான்றிதழ்கள் எல்லாம் என் பீரோவில் இருக்கும், படிப்பு முடியும்போதுதான் திருப்பித் தருவேன். இன்னொரு ஏற்பாடும் உண்டு, அது நானாக யோசித்துச் செய்தது. சேருகிற அன்றைக்குப் பெற்றோரிடம் வெறும் வெள்ளைத் தாளின் அடியில் கையெழுத்து வாங்கிக்கொள்வேன். அப்பா ஒரு தாள், அம்மா வந்திருந்தால் அவருக்கும் ஒரு தாள். எதுக்குங்க என்று கேட்பார்கள். ஆபீஸ் தேவைக்கு என்பேன். கன்னிவாடி விவசாயி, சித்தையன்கோட்டை வெற்றிலைக்காரர், சின்னாளபட்டியில் தறி ஓட்டுகிறவர், யாராக இருந்தாலும் அந்த வார்த்தைக்கு மேல் ஒரு கேள்வி கேட்டது கிடையாது. மகனுக்குக் காலேஜ் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் முகம் கொள்ளாமல் சிரித்துக்கொண்டே போடுவார்கள்.

முதல் தாளைத் தொண்ணூற்றேழில் எடுத்தேன். கன்னிவாடி பொம்மையன் மகன் ஒருவனுக்குக் காதுச் சவ்வு கிழிந்துவிட்டது. ஒரே அறை. பொம்மையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே ஆபீசுக்குள் வந்துவிட்டார். நான் காபி வாங்கிவரச் சொல்லி, உட்கார வைத்து, தாளை எடுத்து வாசித்துக் காட்டினேன். என் மகன் விடுமுறையில் ஊரில் மாட்டுவண்டியிலிருந்து விழுந்து காதில் அடிபட்டவன், இதற்குக் கல்லூரி பொறுப்பில்லை என்று அதில் இருந்தது.

"கையெழுத்து என்னோடதுதான் சாமி. ஆனா இத நான் எழுதலயே," என்றார் பொம்மையன்.

"கையெழுத்து ஒன்னோடதுன்னா எழுத்தும் ஒன்னோடதுதான்யா. கோர்ட்டுல போயி இல்லேன்னு சொல்லிப் பாரு, பொய்க் கையெழுத்துன்னு ஒன்னத்தான் உள்ள வைப்பாங்க."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காபியைத் தொடவில்லை. எழுந்து போகும்போது எனக்கு ஒரு கும்பிடு வேறு போட்டுவிட்டுப் போனார். நம் ஜனங்களுக்குப் போலீசைவிட, கோர்ட்டைவிடத் தன் கையெழுத்தின் மேல்தான் பயம் அதிகம். அதை அன்றைக்குத்தான் நான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு ஆறு தாள். ஒரு மணிக்கட்டு, ஒரு தாடை, இரண்டு விலா, ஒருவனுக்கு மூத்திரத்தில் ரத்தம், ஒருவன் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க மாட்டான். இவர்களில் பாதிப் பேர் முதலில் என்னிடம் எழுத்தில் புகார் கொடுத்தவர்கள். புகார் வந்தால் ஆபீசில் ஒரு முறை இருக்கிறது சார், உங்கள் ஆபீசிலும் இருக்கும். யார் மேல் புகாரோ அவருக்கே அதை அனுப்பி, உங்கள் குறிப்புரை என்ன என்று கேட்க வேண்டும். ஓரத்தில் 'உ.க.இ., குறிப்புரைக்கு' என்று எழுதி, முத்திரை போட்டு, பியூனிடம் கொடுத்து மைதானத்துக்கு அனுப்புவேன். மாலைக்குள் 'விசாரித்தேன், தீர்ந்தது' என்று கருப்புசாமி எழுதி அனுப்பிவிடுவான். புகார் எழுதிய பையன் மறுநாள் நொண்டுவான். முதல்வர் பச்சை மையில் சுருக்கொப்பம் போடுவார். செயலர் படிக்கவே மாட்டார், வெளியே போகாமல் பார்த்துக்கங்க என்று மட்டும் சொல்வார். அனுப்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். தெரியும். ஆனால் அப்போதெல்லாம் நான் யார் மேலும் கை வைத்தது கிடையாது. மாதம் ஒருமுறை சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன் நான். சாமியாரிடம் இதை ஒருநாளும் சொன்னதில்லை. பாவம் என்று மனசில் பட்டால்தானே சொல்வதற்கு.

சந்தோஷ்குமாருக்கு வருகிறேன். சின்னாளபட்டிப் பையன். அப்பா சுப்புராஜ், அம்மா சொர்ணலட்சுமி, இருவரும் சுங்குடிச் சேலைக்குத் தறி ஓட்டுகிறவர்கள். இரண்டாயிரத்து ஒன்று ஜூனில் வந்து சேர்த்தார்கள். ஒல்லியான பையன், ஆனால் பாடிக்கொண்டு உள்ளே போனால் நாலு பேரை இழுத்துக்கொண்டு கோட்டுக்கு வந்துவிடுவான். போன பத்தாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்தரைக்கு என் மேசை முன்னால் வந்து நின்றான். ரப்பர் செருப்பு போட்டிருந்தான். ஷூ நுழையாத அளவுக்குக் கால் வீங்கியிருந்தது.

"சார், எனக்கு சர்டிபிகேட் வேணும் சார். போலீசுக்கு எழுதி பாசாயிட்டேன். வியாழக்கெழம வெரிபிகேசன். ஒரிஜினல் இல்லாம உள்ளயே விடமாட்டாங்களாம்."

உங்கள் வேலைக்குத்தான் சார் ஆசைப்பட்டான்.

"படிப்ப முடி தம்பி. அப்புறம் எங்க வேணாலும் போ," என்றேன்.

"இங்க இருந்தா முடிக்க மாட்டேன் சார், செத்துத்தான் போவேன். வீட்டுல எங்கம்மா ஒத்தையா தறியில ஒக்காந்து கெடக்கு. நான் வேலைக்குப் போயே ஆகணும்."

ஒத்தையா என்று சொன்னான் பாருங்கள். அது என் காதில் விழுந்தது, நான்தான் யோசிக்கவில்லை. அவன் நீட்டிய காகிதத்தில் என் கவனம் இருந்தது. இரண்டு பக்கப் புகார். யார் யாருக்கு என்ன உடைந்தது, எந்தத் தேதியில், யார் யார் பிடித்துக்கொண்டார்கள் என்று வரிசையாக எழுதியிருந்தான். பிடித்தவர்களில் தன் பெயரையும் ஒளிக்காமல் எழுதியிருந்தான். எழுத்துப் பிழை இரண்டே இரண்டு.

"மத்தியானத்துக்குள்ள சர்டிபிகேட் குடுத்துட்டீங்கன்னா இத நானே கிழிச்சுப் போட்டுருவேன் சார். இல்லேன்னா வந்திருக்கிற கமிட்டிக்காரங்க கையில குடுத்துருவேன்," என்றான். குரலில் திமிர் இல்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னான்.

அன்றைக்குத் தன்னாட்சி அந்தஸ்து கொடுப்பதற்குக் குழு வந்திருந்தது. ஐந்து பேர். பத்து வருடமாகத் தவம் கிடந்து வந்த குழு. சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து, ஈரம்கூடக் காயவில்லை. மூன்று மணிக்கு வா, முறைப்படி பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவன் நம்பி, நன்றி சார் என்று சொல்லிவிட்டு, காலைத் தேய்த்துத் தேய்த்துப் படி இறங்கினான்.

புகாரை முதல்வரிடம் காட்டினேன். அவர் முதல் வரியைத்தான் படித்தார். "கமிட்டி போற வரைக்கும் இந்தப் பய வெளிய தலகாட்டக் கூடாது சகாயராஜ்," என்று சொல்லிவிட்டுப் பச்சை மையில் சுருக்கொப்பம் போட்டார். நான் வழக்கம்போல ஓரத்தில் எழுதினேன். குறிப்புரைக்கு. அடியில் 'உடன்' என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். முன்னால் எதிலும் அந்த வார்த்தையை நான் எழுதியதில்லை. பியூன் அதை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போகும்போது மணி பதினொன்று இருக்கும்.

இரண்டு மணிக்குக் குழுவினர் மாடியில் பிரியாணி சாப்பிட உட்கார்ந்தார்கள். குறிப்புரை இன்னும் வரவில்லையே என்று நானே மைதானத்துக்கு நடந்தேன். விளையாட்டுச் சாமான் அறைக்கு வெளியே, ரோலர் மேல் கருப்புசாமி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஹாக்கி மட்டை இரண்டு துண்டாகக் கிடந்தது.

"சார், கை மிஞ்சிப்போச்சு சார். கமிட்டிகிட்ட போவேன்னு திரும்பத் திரும்பச் சொன்னான். ஏலே, வாய மூடுலேன்னேன், கேக்கல. மண்டையில பட்டுருச்சு. காதுல ரத்தம் வருது. வண்டிய எடுக்கச் சொல்லுங்க சார், பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிருவோம்."

"ஜீப்பு போர்ட்டிகோவுல நிக்குது. அவங்க கண்ணு முன்னாடியா ஏத்திக்கிட்டுப் போவ?"

"ஆட்டோவாச்சும் கூப்பிடுவோம் சார். பய தவிக்கிறான்."

"செத்த நேரம் பொறு. பேப்பர் இல்லாமப் போனீன்னா ஆஸ்பத்திரியில மொதக் கேள்வி ஒன்னத்தான் கேப்பாங்க."

ஆபீசுக்குத் திரும்பிப் பீரோவைத் திறந்து அவன் கோப்பை எடுத்தேன். அப்பா சுப்புராஜ் கையெழுத்துப் போட்ட தாள் மேலேயே இருந்தது. அதை நிதானமாக எழுதினேன். 'என் மகன் ஞாயிற்றுக்கிழமை வீட்டு மாடியிலிருந்து தவறி விழுந்து தலையிலும் காலிலும் அடிபட்டான். ஓய்வில் இருக்கச் சொல்லியும் கேட்காமல் கல்லூரிக்கு வருகிறான். அவனுக்கு எது நேர்ந்தாலும் கல்லூரி பொறுப்பல்ல.' தேதி போட்டு, முத்திரை வைத்து, தபால் பதிவேட்டில் ஏற்றினேன். அவசரமாக எழுதினால் வரி கோணும், அதனால் அரை மணி நேரம் ஆனது. பிறகு மைதானத்துக்குப் போய், கருப்புசாமியை மெயின் ரோட்டுக்கு ஓடி ஆட்டோ பிடித்துவரச் சொல்லிவிட்டு, நான் அறைக்குள் போனேன். நாலு மணிக்குப் பையனை ஆஸ்பத்திரியில் இறக்கும்போது உயிர் இல்லை. உங்கள் ஆட்களிடம் தாளைக் கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை பிணவறை வாசலில் சொர்ணலட்சுமி நின்றார். நானும் கல்லூரி சார்பில் மாலையோடு போயிருந்தேன். ஒங்க வீட்டுக்காரரு எழுதிக் குடுத்திருக்காரும்மா என்று ஏட்டய்யா தாளை வாசித்தார். அந்த அம்மாள் கடைசி வரி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"எப்ப எழுதுனாராம்?"

"ஞாயித்துக்கெழம விழுந்தான்னு இருக்கு. நேத்து தேதி போட்டிருக்கும்மா."

"அவரு செத்துப் பதினாலு மாசமாச்சுங்கய்யா. அவருக்குக் கொள்ளி வச்சதே உள்ள கெடக்குற இந்தப் பிள்ளதான்."

ஏட்டய்யா தாளை மறுபடி விரித்துத் தேதியைப் பார்த்தார். செத்த மனிதனின் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். அதுவும் அப்பா காரியத்துக்குப் பையனுக்கு மூன்று நாள் விடுப்பு கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றியவனே நான்தான். சுப்புராஜ் என்றால் எனக்கு அந்தத் தாளின் அடியில் இருந்த கோணல் கையெழுத்து, அவ்வளவுதான். அப்படிப்பட்ட கையெழுத்துக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பான், அவன் செத்தும் போவான் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். கருப்புசாமியைப் பிடித்தீர்கள். இது தனிநபர் செய்த குற்றம், நிர்வாகத்துக்குச் சம்பந்தமில்லை என்று செயலர் அறிக்கை விட்டார். தாள் விஷயம் எழுத்தர் மட்டத்தில் நடந்த கவனக்குறைவு என்று முதல்வர் சொன்னார். அந்த அறிக்கைகளுக்கும் வரைவு எழுதிக் கொடுத்தது நான்தான். தன்னாட்சி கிடைத்துவிடும் என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று ஊரில் யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன், ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது பிழை இருக்கிற இடத்தைச் சொல்கிறேன், ஏட்டய்யா கவனமாக எழுதட்டும்.

கருப்புசாமி அடித்த அடியில் பையன் சாகவில்லை. நான் உள்ளே போனபோது உயரம் தாண்டுகிற மெத்தை மேல் மல்லாக்கக் கிடந்தான். ஒரு கண் மூடிப்போயிருந்தது, இன்னொரு கண் என்னைப் பார்த்தது. தண்ணி என்றான். தருகிறேன் தம்பி, முதலில் இதைக் கேள் என்றேன். ஆஸ்பத்திரியில் அவன் ஒன்று சொல்லி, தாள் ஒன்று சொல்லக்கூடாது அல்லவா. குனிந்து மெதுவாக வாசித்தேன். அடியில் இருந்த கையெழுத்தை அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்து, பார், அப்பாவே எழுதிக் கொடுத்துவிட்டார் என்றேன்.

அவன் சிரித்தான் சார். முன் பல் இரண்டு இல்லை, உதடு கிழிந்து தொங்குகிறது, அந்த வாயால் சிரித்தான். சத்தமாகச் சிரிக்க மூச்சு இல்லை, வயிறு மட்டும் குலுங்கியது. பொம்மையனிலிருந்து ஏழு பேர் அந்த மாதிரித் தாளைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் சிரித்ததில்லை. இவன் அடங்கமாட்டான், பிழைத்து எழுந்தால் கமிட்டிக்குப் போவான், உங்களிடம் வருவான், போலீசாகவே ஆகி வந்து நிற்பான் என்று பட்டது. அந்த ஜூன் மாத வரிசை கண்ணில் வந்தது. ஜன்னலுக்குக் கீழே மடித்து வைத்திருந்த ஜமுக்காளத்தை எடுத்தேன். முகத்தில் வைத்து, என் முழங்காலை அதன் மேல் ஊன்றினேன். கையை இரண்டு முறை தூக்கினான், என் சட்டையைப் பிடித்தான், பிடி தளர்ந்துவிட்டது. ஆட்டோச் சத்தம் கேட்கும்வரை அப்படியே இருந்தேன். பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தால் பாருங்கள், மூச்சு அடைத்துத்தான் செத்தான் என்று இருக்கும். ஆகவே அடித்தது கருப்புசாமி, கொன்றது சகாயராஜ். அப்படித் திருத்திக்கொள்ளுங்கள்.

அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் பிணவறை வாசலில்தான் எனக்குப் புரிந்தது. வருத்தமாகத்தான் இருக்கிறது சார், கல் மனசு என்று நினைக்காதீர்கள். ஆனாலும் சிரிப்பதற்குப் பதிலாக, எங்கப்பா செத்துப்போயிட்டாரு சார் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதே கோப்பில் அடுத்த தாளே அவன் அம்மா கையெழுத்துப் போட்டதுதான், நான் அதில் எழுதிக்கொண்டு வந்திருப்பேன், அவனுக்கு ஒரு குறையும் வந்திருக்காது.